தம்பிக்கு ஒரு சமன்பாடு

எங்கள் சித்திக்கு வளைந்த எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. எங்கள் தேயிலைத் தோட்டமோ மலைநாட்டில், டயகமப் பக்கம். அங்கே வளையாதது என்று எதைச் சொல்ல? ரோடு வளையும், ஆறு வளையும், தேயிலை நிரை மலையைச் சுற்றிச் சுற்றி வளையும். சித்தி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு கிழித்து, எக்ஸ், வை என்று எழுத ஆரம்பித்துவிடுவாள். லயத்து நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தால் அதற்கும் ஒரு கணக்கு. நாய் எழும்பிப் போய்விட்டால், "சே, சனியன், பாதியில மாத்திட்டுப் போயிருச்சு" என்று அதைத் திட்டுவாள்.

"என்னா கோணல்மாணலா இருந்தாலும் சரிடி, வளையின்னு ஒன்னு இருந்தா அதுக்குன்னு ஒரு சமன்பாடு இருந்தே தீரும். நமக்குத்தான் தெரியல" என்பாள் என்னிடம். வளைந்த கோட்டுக்கு அவளுடைய பாடப் புத்தகம் வைத்திருந்த பெயர் வளையி. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் சொன்னதில் பாதி புரியாது, மீதி காதிலேயே ஏறாது. ஆனாலும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டுவேன்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. உயர்தரப் பரீட்சைக்கு இணைந்த கணிதம் எடுத்து, முதல் தடவை கோட்டை விட்டுவிட்டு, இரண்டாம் தடவை எழுதுவதற்காக லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவில் வந்து தங்கியிருந்தாள். அவர்கள் வீட்டில் ஒன்பது பேர். எங்கள் வீட்டில் அப்பா கொழும்பில் கடை வேலை, அம்மா காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவாள், ஆகையால் படிக்க அமைதியாக இருக்கும் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவில் என்னையும் தம்பியையும் யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. "உன் சமன்பாட்ட வச்சு இந்தச் சோத்துப் பான பொங்காம இருக்க ஒரு வழி சொல்லு பாப்போம்" என்று அம்மா அவளைச் சீண்டுவாள். சித்தி அதையும் யோசித்துப் பார்ப்பாள், அதற்குள் பானை பொங்கிவிடும்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் சிரிப்பு குறைந்துபோனதற்குக் காரணம் தம்பியின் கார்ட்.

தம்பி டிசம்பர் முதல் வாரத்தில் பிறந்தவன். முதல் மூன்று மாதமும் மிட்வைஃப் மிஸ்ஸி வீட்டுக்கே வந்து, தான் கொண்டுவந்த தராசில் அவனை நிறுத்து, கிளினிக் கார்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். கார்டில் கலர் கலராகப் பட்டைகள் வளைந்து மேலே போகும். மேலே பச்சை, அதற்குக் கீழே செம்மஞ்சள், அதற்கும் கீழே சிவப்பு. புள்ளி பச்சையில் விழுந்தால் மிஸ்ஸி சிரிப்பார். முதல் மூன்று மாதமும் மிஸ்ஸி சிரித்தார்.

ஏப்ரலில் அம்மா வேலைக்குத் திரும்பினாள். தம்பி பிள்ளைக் காம்பராவுக்குப் போனான். அம்மாமார் மலையில் நிற்கும் நேரம் கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அதன் பிறகு மாதம் ஒரு தடவை, மத்தியானத்தில், அங்கேதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறுவை. தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். மிஸ்ஸிக்கு அவ்வளவு உயரம் கிடையாது, முள்ளும் அவர் கண்ணுக்கு எட்டாது. அதனால் அந்த வேலையைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டார்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். கொழுந்து மடுவக் கொட்டகையில் தராசு பிடிப்பது அவர் வேலை. பெண்கள் பறித்துவந்த கொழுந்துச் சாக்கை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி, முள்ளைப் பார்த்து, நிறையைச் சத்தமாகச் சொல்வார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். இருபது வருஷமாக இதே வேலை. அவர் வாயால் ஒரு தரம் சொல்லிவிட்டால் அதுதான் நிறை, அதற்குத்தான் சம்பளம். பெண்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் எதிரே நின்று பேசமாட்டார்கள். நிறுவை நாளில் மத்தியானக் கொழுந்தை நிறுத்த கையோடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல், பிள்ளைக் காம்பராவுக்கு வந்து பிள்ளைகளையும் நிறுத்துக் கொடுப்பார். அதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. நம்ம பிள்ளைகள் என்று செய்தார்.

ஏப்ரலும் மே மாதமும் தம்பி ஒழுங்காக ஏறினான். ஜூனில் நானூறு கிராம் இறங்கினான். ஜூலையில் கொஞ்சம் ஏறினான், ஆனாலும் செம்மஞ்சள்தான். மிஸ்ஸி சிங்களவர். தமிழில் பேசும்போது சொற்களைத் தேடித் தேடி எடுத்து வைப்பார். "அம்மா, பிள்ளைக்கு சாப்பாடு நல்லா குடுக்கிறதா? அம்மா சாப்பிடுறதா?" என்று அவர் கேட்டதும் அம்மா குனிந்துகொண்டாள். மழைக் காலம் வந்தால் இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருமே கொஞ்சம் இறங்குவார்கள், ஆனால் இவன்தான் அதிகமாக இறங்குகிறான் என்றும் சொன்னார். போகும்போது இரண்டு பாக்கெட் சத்துமா கொடுத்தார்.

இந்தச் சத்துமாவைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அது பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிற மா. வறுத்த சோளமும் சோயாவும் பாலும் கலந்த வாசம். சும்மா வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் சீனி சேர்த்தால், ஐயோ, அதைச் சொல்லி முடியாது.

ஆகஸ்டில் தம்பி ஒரேயடியாக ஒரு கிலோவுக்கு மேல் ஏறினான். மிஸ்ஸி அம்மாவின் முதுகில் தட்டிக் கொடுத்தார். சத்துமாவின் மகிமை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவ்வளவு மகிமை உள்ளது எனக்குக் கொஞ்சம் போனால் குறைந்துவிடாது என்று நினைத்தேன். முதலில் ஒரு கரண்டி. அடுத்த நாள் ஒன்றரை. பிறகு நான் கரண்டியை எண்ணுவதை விட்டுவிட்டேன். செப்டெம்பரில் தம்பி கொஞ்சம்தான் ஏறினான். ஒக்டோபரில் கால் கிலோ இறங்கி மறுபடியும் செம்மஞ்சளுக்கு வந்தான். மிஸ்ஸி இந்தத் தடவை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அடுத்த மாசமும் செம்மஞ்சள் என்றால் நுவரெலியா வார்டில நிக்க வேணும். எத்தன நாள் என்று டொக்டர்தான் சொல்லுவார்" என்றார்.

அன்று பின்னேரம் அம்மா ஒரு துணிப் பையை எடுத்தாள். அதில் தம்பியின் இரண்டு சட்டை, ஒரு துவாய், தனக்கு ஒரு சேலை, ஒரு கோப்பை எல்லாம் வைத்து, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அடுத்த நிறுவைக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. அந்த நான்கு வாரமும் பை அங்கேயே தொங்கியது. நான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். தம்பியின் கிலோவைத் தின்றது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரிடம் சொல்ல? சொன்னால் முதுகு பழுத்துவிடும். சொல்லாவிட்டால் தம்பி வார்டுக்குப் போய்விடுவான்.

அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. "என் பால் சரியில்ல போல" என்று ஒரு நாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அதைச் சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கார்டை எடுத்து, வரைபுத் தாளை விரித்து, "அக்கா, இந்தக் கோணல் கோட்டுக்கு ஒரு சமன்பாடு கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சா அடுத்த மாசம் தம்பி எவ்வளவு இருப்பான்னு இப்பவே சொல்லிரலாம்" என்றாள்.

"பரீட்சைக்குப் படிடி" என்றாள் அம்மா.

"இதுதான் படிப்பு."

அப்புறம் மூன்று நாள் எங்கள் வீட்டில் தம்பியைவிடத் தம்பியின் கோடுதான் பெரிய ஆள். சித்தி முதலில் ஒரு நேர்கோடு போட்டாள், அது எந்தப் புள்ளியையும் தொடவில்லை. பரவளைவு ஒன்று போட்டாள், அது இரண்டு புள்ளியைத் தொட்டுவிட்டு மற்றவற்றைக் கைவிட்டது. கடல் அலை மாதிரி ஏறி இறங்கும் ஒன்றையும் போட்டுப் பார்த்தாள். தம்பி அந்த அலைக்கும் மசியவில்லை. கடைசியில், ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரைக்கும் உள்ள ஏழு புள்ளிகளையும் ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டு போகிற ஒரு நீளமான சமன்பாட்டைப் பிடித்துவிட்டாள். எக்ஸ் தலையில் ஆறு வரைக்கும் எண் ஏறியிருந்தது. சித்தி துள்ளிக் குதித்தாள். நானும் சேர்ந்து குதித்தேன். பிறகு அவள் கணிப்பானைத் தட்டி, அடுத்த மாதத்துக்கு என்ன சொல்கிறது என்று பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று.

"என்னா சித்தி?"

"அடுத்த மாசம் தம்பி பதினேழரைக் கிலோ."

இரண்டு பேரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தோம். அவன் பாயில் குப்புறப் படுத்து என் ரப்பர் செருப்பைச் சப்பிக்கொண்டிருந்தான். சித்தி பின்பக்கமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தச் சமன்பாட்டின்படி அவன் இரண்டு மாதக் குழந்தையாக இருந்தபோது ஏறக்குறைய பதினாறு கிலோ இருந்திருக்க வேண்டும். "எல்லாப் புள்ளியையும் தொடணும்னு அடம்பிடிச்சா இப்படித்தான், வெளிய போனதும் ஆட்டம் போடும்" என்று முனகிக்கொண்டே, பேனையின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு, கடைசி இரண்டு புள்ளிகளை மட்டும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள். இழுத்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இப்படியே எறங்கினா முப்பது மாசத்துல சைபர்" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா கதவடியில் நின்றிருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவள், நேரே வந்து வரைபுத் தாளைப் பறித்து நான்காகக் கிழித்தாள். "ஏன்டி, என் பிள்ள சைபரா? உன் பரீட்சைக்கு என் பிள்ளதான் கெடச்சானா?" என்று கத்தினாள். கத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா சத்தம் போட்டு அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இல்லக்கா, கணக்குத்தான் தப்பு, பிள்ள தப்பில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அந்த நேரம் சத்துமா நெஞ்சிலேயே நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தம்பி அழத் தொடங்கினான். அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போனதும் சித்தி கிழிந்த நான்கு துண்டையும் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"நிறுவை அன்னைக்கெல்லாம் என்னா நடந்துச்சு? தம்பிக்குக் காய்ச்சலா, வயித்தால போச்சா, என்னாவது நெனவிருக்கா? மாசம் மாசமாச் சொல்லு."

எனக்கு நேற்றுச் சாப்பிட்டதே நினைவிருக்காது. ஆனால் என்னிடம் கலண்டர் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரத்துக்கு வானிலை அட்டவணை போட்டுவரச் சொல்லியிருந்தார்கள். வெயில் என்றால் ஒரு சூரியன், மழை என்றால் ஒரு குடை. எனக்குப் படம் வரைவது பிடித்துப்போனதால், வாரம் முடிந்த பிறகும் நிறுத்தாமல், சுவரில் மாட்டியிருந்த கடைக் கலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் வரைந்துகொண்டே வந்தேன். கலண்டர்ப் படத்து முருகன் காலடியிலிருந்து கீழே முழுக்க என் குடைகளும் சூரியன்களும்தான். கலண்டரைப் பாழாக்கியதற்கு அம்மாவிடம் இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி கார்டைப் பார்த்துத் தேதியைச் சொன்னாள். நான் கலண்டரைப் புரட்டிப் படத்தைச் சொன்னேன். ஏப்ரல், சூரியன். மே, சூரியன். ஜூன், குடை. ஜூலை, குடை. ஆகஸ்ட், சூரியன். செப்டெம்பர், சூரியன். ஒக்டோபர், குடை.

சித்தி கார்டைக் கலண்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, மிஸ்ஸி வீட்டுக்கு வந்து நிறுத்த புள்ளிகளையும் சூரியன் புள்ளிகளையும் மட்டும் வைத்தாள். குடைகளை வெறும் வட்டமாகக் கீழே போட்டாள். இந்தத் தடவை கோடு அடம்பிடிக்கவே இல்லை. ஆரம்பத்தில் வேகமாக ஏறி, பிறகு போகப் போக மெதுவாக ஏறும் ஒரு வளையி அது. "வர்க்கமூலம்டி! வர்க்கமூலம்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். வயது மாதத்தின் வர்க்கமூலத்தை ஒன்று தசம் ஏழால் பெருக்கி, பிறந்தபோது இருந்த இரண்டு தசம் எட்டைக் கூட்டினால் தம்பி. அவ்வளவுதான். அந்தச் சமன்பாட்டை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. குடைப் புள்ளிகள் மூன்றும் அந்த வளையிக்கு முக்கால் கிலோ கீழே, ஒன்று போல நின்றன. செப்டெம்பர் மட்டும், வெயில் நாளாக இருந்தும், கொஞ்சம் கீழே விலகி நின்றது. அதைப் பார்த்து எனக்கு வியர்த்தது.

"மழைக்கும் பிள்ளைக்கும் என்னாடி சம்பந்தம்? நனைஞ்சாச் சுருங்க இவன் என்னா சட்டையா?" என்றாள் சித்தி. குளிரில் தராசுக் கம்பி சுருங்குகிறதோ என்று கொஞ்ச நேரம் யோசித்தாள், அதற்கு முக்கால் கிலோ ரொம்ப அதிகம் என்று விட்டுவிட்டாள். கடைசியில் ஒரு சின்னத் தாளில் "8.4" என்று எழுதி மடித்து, என் கையில் கொடுத்தாள். "இது நவம்பருக்கு. நிறுவை முடியிற வரைக்கும் தொறக்காத. அன்னைக்கு நானும் வர்றேன்."

நிறுவை நாள் அன்று விடியும்போதே மழை. நான் கலண்டரில் குடை வரைந்துவிட்டுத்தான் கிளம்பினேன். மத்தியானம் பிள்ளைக் காம்பரா முழுக்க ஈரக் கம்பளி வாசம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அம்மா அந்தத் துணிப் பையையும் கொண்டுவந்திருந்தாள். மிஸ்ஸி பெஞ்சில் கார்டுகளோடு உட்கார்ந்திருந்தார். பெரியப்பா தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, தராசைக் கொக்கியில் மாட்டி, ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. தம்பியைத் துணியில் வைத்துத் தொங்கவிட்டார். அவன் காலை உதைத்தான். முள் ஆடி நின்றது. சித்தி திடீரென்று பிள்ளைகளின் சின்னப் பெஞ்சை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி, பெரியப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏழு கிலோ அறநூத்தம்பது!" என்றார் பெரியப்பா.

மிஸ்ஸி பேனையை எடுத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாமா, முள்ளு எட்டு நானூறுல நிக்குது" என்றாள் சித்தி.

"ஆமா, அதுல நிக்கும்."

"அப்புறம் ஏன் ஏழு அறநூத்தம்பதுங்கிறீங்க?"

பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பிள்ளை படித்த பிள்ளை, இதுகூடத் தெரியாதா என்பது போல. "தண்ணிக்குக் கழிக்க வேணாமா புள்ள?" என்றார்.

எங்கள் தோட்டத்தில் அது வழக்கம். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் நிற்கும், அதனால் சாக்குக்கு இரண்டு கிலோ கழித்துத்தான் நிறை சொல்வார்கள். அவர் இருபது வருஷமாக அப்படியே சொல்லிச் சொல்லி, மழை பெய்தாலே அவர் வாய் தானாகக் கழிக்கும். பிள்ளைகளும் நனைந்த துணியோடுதானே வருகிறார்கள் என்று, மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைக் கிலோ கழித்திருக்கிறார். துணி நனைந்தது உண்மைதான். அதில் நூறு கிராம் தண்ணீர் நின்றிருந்தால் பெரிய காரியம்.

"சரி மாமா, அரக் கிலோ தண்ணி. இவனுக்கு மட்டும் ஏன் முக்கால்?"

பெரியப்பா கொஞ்சம் தயங்கினார். பிறகு பெருமையாகவே சொன்னார். "நம்ம வீட்டுப் பிள்ள பாரு. சொந்தக்காரனுக்குக் கூட்டிச் சொல்லிட்டான்னு நாளைக்கு ஒருத்தர் பேசிறக் கூடாதில்ல? அதான் ஒரு கால் கிலோ சேத்துக் கழிச்சேன்."

மிஸ்ஸிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு அக்கா சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். "மொன வதுரத?" என்று மிஸ்ஸி கேட்டார். என்ன தண்ணீர் என்று கேட்கிறார். விளக்கம் முடிந்ததும் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, ஆறு வருஷமாக இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் மழைக் காலத்தில் ஏன் மெலிகிறார்கள் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேனே என்றார். அவர் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு பிள்ளைக் காம்பராவே சிரித்தது. "எங்க பிள்ளையோட அரக் கிலோவக் குடுங்க மாமா!" "எனக்கு ரெண்டு பிள்ள, ஒரு கிலோ வரணும்!" என்று பெண்கள் கையை நீட்டினார்கள். பெரியப்பாவும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அம்மா தம்பியைத் துணியிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாதபடி நின்றாள். நான் கையிலிருந்த தாளைப் பிரித்தேன். 8.4. சித்தி எழுதியதை முள் போய்ப் பார்த்துவிட்டு வந்து நின்ற மாதிரி இருந்தது. அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. ஒரு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு.

சிரிப்பு அடங்கும் நேரம், பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா மெதுவாகக் கேட்டாள். "பிள்ளைக்குத் திருப்பிக் குடுத்திட்டீங்க. கொழுந்துக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியப்பா தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு நல்ல ஒரு விஷயம் நடந்திருக்கும்போது எல்லோரும் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் தம்பியின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி எல்லாக் கார்டுகளையும் வாங்கி, தேதி பார்த்து மழை நாள் புள்ளிகளை அழித்து மேலே வைக்கத் தொடங்கினார். அதற்கு என் கலண்டர் தேவைப்பட்டது. சித்தி என்னை லயத்துக்கு ஓடவிட்டாள். முருகனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில் அவர் நனையாதபடி, நான் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு கலண்டரில் வரைந்ததற்கு யாரும் என்னைத் திட்டவில்லை.

அன்று பின்னேரம் அம்மா பையிலிருந்ததையெல்லாம் எடுத்து மடித்து வைத்தாள். வெறும் பை ஆணியில் தொங்கியது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் செய்து, சித்தியின் தட்டில் இரண்டு ரொட்டி அதிகம் வைத்தாள். கிழித்த தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சோத்துப் பானைக்கும் ஒன்னு கண்டுபிடிச்சிரு" என்று மட்டும் சொன்னாள்.

நான் சித்தியிடம் மெல்லக் கேட்டேன். "செப்டெம்பர்ப் புள்ளி ஏன் சித்தி கீழ நிக்குது? வெயில் நாளுதானே?"

"நிக்கட்டும்டி. எல்லாம் அச்சுப் போட்ட மாதிரி கோட்டுல வந்து உக்காந்தாத்தான் சந்தேகப்படணும்" என்று சித்தி ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எவ்வளவு நல்ல சித்தி என்று நினைத்தேன். போன வருஷம், தன் மகளுக்குச் சத்துமா கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் உண்மையைச் சொன்னாள். அந்த ஆகஸ்டில் அவளும் தின்றிருக்கிறாள், படிக்கும்போது பசித்தது என்று. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இப்போது எங்கள் வீட்டு நிலையில் தலை இடிக்கிற உயரம் அவன்.

பெரியப்பா அதற்குப் பிறகும் மாதாமாதம் பிள்ளைகளை நிறுத்தார். ஆனால் நிறையைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டார். பிள்ளையைத் தொங்கவிட்டதும் தராசின் முகத்தைத் தாயின் பக்கம் திருப்பி, "நீயே பாத்துச் சொல்லும்மா" என்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கொழுந்து மடுவத்தை எட்டிப் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான். மழை நாளிலும் சாக்கை மாட்டிவிட்டு முள்ளைப் பெண்கள் பக்கம் திருப்பிவிடுவார். அவர்கள் பார்த்துச் சொல்வதையே கணக்கப்பிள்ளைக்குத் திருப்பிச் சொல்வார். இதனால் கணக்கப்பிள்ளையோடு சத்தம் வரும். இரண்டு மாதத்தில் பெரியப்பாவைத் தராசிலிருந்து எடுத்து, மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலைக்குப் போட்டுவிட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வயது போன காலத்தில், மற்றவர்களோடு வரிசையில் போவார்.

எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. பாவம், பெரியப்பாவுக்குக் கண் போய்விட்டது, முள் தெரியவில்லை, அதனால்தான் மற்றவர்களைப் பார்க்கச் சொல்கிறார், அதனால்தான் வேலையையும் மாற்றிவிட்டார்கள். வெகுகாலம் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வேலை விட்டு வரும் நேரம் பார்த்து லயத்துப் படிக்கட்டின் மேலே போய் நிற்பேன். "பெரியப்பா, இங்க ஒரு படி ஒடைஞ்சிருக்கு, பாத்து" என்று கையை நீட்டுவேன். அவரும் மண் காயாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வருவார்.